பைசைட் 6 ரிவ்யூ: மண்டி கவுண்டருக்கு தமிழ்ல ஒரு விண்டோ போடணும்னா

பைத்தான் ஓரளவு வரும், லூப்பு, ஃபங்ஷன், ஃபைல் படிக்கறது எல்லாம் பழகியாச்சு, ஆனா எழுதினது எல்லாமே கறுப்பு ஸ்கிரீன்லயே ஓடிட்டு இருக்கு, இதையே பட்டன், பாக்ஸ், டேபிள்னு ஒரு விண்டோவா ஆக்கி கம்ப்யூட்டர் பழக்கமில்லாத ஒருத்தர் கையில குடுக்கணும், எதுல ஆரம்பிக்கறது? இந்த கேள்விக்கு என்னோட பதில் பைசைட் 6 தான், பைத்தான்ல விண்டோ போடறதுக்கான லைப்ரரி. அஞ்சுக்கு நாலு மார்க் குடுப்பேன். மீதி ஒண்ணு எங்க போச்சுன்னு கீழ சொல்றேன். ஆனா அந்த நாலுல பாதி தமிழுக்காகவே குடுக்கறேன், ஏன்னா தமிழ் எழுத்தை உடைக்காம காட்டற விஷயத்துல இந்தளவுக்கு நிம்மதி எனக்கு வேற எதுலயும் கிடைக்கல.

புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா: க்யூட்டின்னு ஒரு டூல்கிட் இருக்கு, அதாவது பட்டன், பாக்ஸ், டேபிள் எல்லாம் ரெடியா வெச்சிருக்கற தொகுப்பு, சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதினது, 1991-ல நார்வேல ரெண்டு பேர் ஆரம்பிச்சாங்க, 1995-ல வெளிய வந்துச்சு. லினக்ஸ்ல கேடிஈ டெஸ்க்டாப் முழுக்க இதுலதான் நிக்குது, நீங்க படம் பாக்கற விஎல்சி, ஸ்ட்ரீமிங் பண்றவங்க வெச்சிருக்கற ஓபிஎஸ், டெலிகிராமோட டெஸ்க்டாப் வெர்ஷன் எல்லாமே க்யூட்டிதான். 2008-ல நோக்கியா இதை வாங்கினாங்க, அவங்க கையில இருந்தப்போ 2009-ல பைத்தானுக்குன்னு பைசைட் வந்துச்சு. இப்போ அதுவே க்யூட்டியோட அதிகாரபூர்வ பைத்தான் பக்கம், க்யூட்டி 6 வந்த 2020 டிசம்பர்லயே பைசைட் 6-உம் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடில இருந்தே பைக்யூட்டின்னு இன்னொண்ணும் இருக்கு, ரெண்டும் எழுதறதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணேதான், லைசென்ஸ்ல மட்டும் பெரிய வித்தியாசம், அதை கடைசில பாப்போம்.

நான் வேலை பாக்கறது பெங்களூர்ல ஒயிட்ஃபீல்டு பக்கம், டெஸ்டிங் லைன், அங்க இந்த மாதிரி டெஸ்க்டாப் சாஃப்ட்வேருக்கு வேலையே இல்ல. இதுக்குள்ள இறங்கினது மாமாவோட வெங்காய மண்டிக்காக. யஷ்வந்த்பூர் யார்டுல மண்டி, கணக்குப்பிள்ளை கிருஷ்ணகிரிக்காரர், தமிழ் மட்டும்தான் சரளமா படிப்பார், மூட்டை தூக்கற ஹமாலிங்களும் லாரி டிரைவருங்களும் கன்னடம். எலக்ட்ரானிக் தராசுல மூட்டை ஏறும், எடையை பாத்து ஒருத்தர் கத்துவாங்க, இவர் நோட்டுல எழுதுவார், சாயங்காலம் கூட்டினா ஒரு மூட்டை எங்கயோ தப்பி இருக்கும். மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "மாப்ளே, தராசுல வர்ற எடை நேரா கம்ப்யூட்டர்ல விழணும், சீட்டு தமிழ்லயும் கன்னடத்துலயும் வரணும், நெட்டு இல்லாட்டியும் ஓடணும்". கடைல இருக்கறது பழைய பிசி, லுபுண்டுன்னு ஒரு லேசான லினக்ஸ் போட்டு வெச்சிருக்கேன். நெட்டு இல்லாட்டியும் ஓடணும்ங்கற கண்டிஷனாலதான் பிரவுசர்ல பண்ற வழியை எல்லாம் விட்டுட்டு டெஸ்க்டாப் டூல்கிட் பக்கம் வந்தேன்.

பைத்தான்காரங்க எல்லாரும் முதல்ல சொல்றது டிகின்டர். பைத்தானோடயே வருது, தனியா டவுன்லோடு வேண்டாம் (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல தனி பேக்கேஜா போடணும்), சின்னது, வேகமா திறக்கும். இங்கிலீஷ்ல மட்டும் சாஃப்ட்வேர் வேணும்னா தாராளமா அதுலயே ஆரம்பிங்க, நான் தடுக்கவே மாட்டேன். விண்டோஸ்ல தமிழும் ஒழுங்காதான் வரும், எழுத்தை சேத்துக் குடுக்கற வேலையை அங்க விண்டோஸே பாத்துக்குது. பிரச்சனை லினக்ஸ்ல. அங்க டிகின்டர் ஒவ்வொரு குறியையும் கம்ப்யூட்டர்ல எந்த வரிசைல இருக்கோ அதே வரிசைல வெச்சுட்டு போயிடும். நாம "வெ"ன்னு எழுதினா மெமரில முதல்ல வ, அப்புறம்தான் கொம்பு, திரையில வரும்போது அந்த கொம்பை முன்னாடி தூக்கி வைக்கணும். அதை செய்யறதில்ல. அதனால "வெங்காயம்"னு லேபிள் போட்டா வ தனியா நிக்கும், கொம்பு போய் ங் பக்கத்துல ஒட்டிக்கும். "கொத்தமல்லி"ல க முதல்ல வந்து கொம்பும் காலும் சேந்து பின்னாடி வரும். வெங்காய மண்டில வெங்காயம்ங்கற எழுத்தே உடைஞ்சு நின்னா கணக்குப்பிள்ளை அந்த ஸ்கிரீனை எப்படி நம்புவார்? ஒரு மனுஷனை புது கருவிக்கு பழக்கறப்போ அவர் கண்ணுக்கு முதல்ல படறது அவரோட மொழிதான், அது கோணலா இருந்தா மீதி எல்லாத்தையும் சந்தேகமாதான் பாப்பார்.

க்யூட்டிக்குள்ள ஹார்ஃப்பஸ்னு எழுத்துகளை கோக்கற லைப்ரரி இருக்கு, கொம்பை முன்னாடி தூக்கறது, புள்ளியை சரியான இடத்துல வைக்கறது, கன்னடத்துல ஒத்தக்ஷரத்தை, அதாவது கூட்டெழுத்துல ரெண்டாவது எழுத்தை, கீழ இறக்கறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். நாம ஒரு வரி கூட எழுத வேண்டாம். சிஸ்டத்துல நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு ஃபான்ட் இருந்தா போதும், விண்டோஸ்னா நிர்மலா யூஐ ஏற்கனவே இருக்கும். ஒரே லேபிள்ல தமிழ், கன்னடம், எண் மூணும் கலந்து போட்டாலும் எந்த எழுத்துக்கு எந்த ஃபான்ட்னு தானே தேடி எடுத்துக்குது. ஜிடிகேன்னு இன்னொரு டூல்கிட்டும் தமிழை சரியாதான் காட்டும், அதுல இதே வேலைக்கு பேங்கோன்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ் மட்டும்னா அதுவும் நல்ல சாய்ஸ்தான், ஆனா அதையே விண்டோஸ் மெஷின்ல ஏத்தறது புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு பெரிய அலைச்சல்.

இன்ஸ்டால் பண்றது. உபுண்டு, டெபியனோட புது வெர்ஷன்கள்ல பிப் (பைத்தான் பேக்கேஜ் போடற கமாண்ட்) நேரா போட விடாது, முதல்ல ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது இந்த ப்ரோக்ராமுக்குன்னு ஒரு தனி பைத்தான் ஃபோல்டர் உருவாக்கிட்டு அதுக்குள்ள போய் பிப்ல பைசைட் 6 போடணும். க்யூட்டி சைட்ல இருக்கற பெரிய இன்ஸ்டாலருக்கு அக்கவுண்ட் கேக்கும், பைத்தான்ல எழுத அது தேவையே இல்ல, அந்த பக்கமே போகாதீங்க, பிப் போதும். முழு பேக்கேஜ் ரொம்ப பெருசு, நூத்துக்கணக்கான எம்பி, அதுக்கு முக்கிய காரணம் உள்ள ஒரு முழு குரோமியம் பிரவுசர் இன்ஜினே இருக்கு. அது வேண்டாம்னா எசென்ஷியல்ஸ்னு ஒரு சின்ன பேக்கேஜ் தனியா இருக்கு, பட்டன், டேபிள், பிரின்ட், டேட்டாபேஸ் எல்லாம் அதுலயே வந்துடும். ஆனா தராசு மாதிரி சீரியல் போர்ட்ல பேசற வேலைன்னா அந்த மாட்யூல் ஆட்ஆன்ஸ்ங்கற இன்னொரு பெரிய பேக்கேஜ்ல இருக்கு, அதுக்காக பெருசையே இறக்கணும், இல்லேன்னா பைசீரியல்ங்கற பைத்தான் லைப்ரரியை தனியா சேத்துக்கணும்.

லினக்ஸ்ல முதல் தடவை ஓட்டும்போது "எக்ஸ்சிபி ப்ளாட்ஃபார்ம் ப்ளகின் லோடு ஆகல"ன்னு ஒரு எரர் வந்து நிக்க வாய்ப்பு அதிகம். இதை பாத்துட்டு க்யூட்டியே வேண்டாம்னு போனவங்க நிறைய. பயப்பட ஒண்ணுமில்ல, 6.5-ல இருந்து எக்ஸ்சிபி கர்சர்னு ஒரு சின்ன லைப்ரரி சிஸ்டத்துல இருக்கணும், அந்த எரர் மெசேஜ்லயே அதோட பேர் இருக்கும், பேக்கேஜ் மேனேஜர்ல அதை போட்டா சரியாயிடும்.

முதல் ப்ரோக்ராம் ஆறேழு வரிதான். க்யூஅப்ளிகேஷன் ஒண்ணு உருவாக்கணும், அப்புறம் க்யூலேபிள்ல நம்ம எழுத்து, ஷோன்னு சொல்லணும், கடைசில ஆப்பை எக்ஸெக் பண்ணணும். இந்த எக்ஸெக் தான் எல்லாத்துக்கும் உயிர். கறுப்பு ஸ்கிரீன் ப்ரோக்ராம் மேல இருந்து கீழ ஓடி முடிஞ்சுடும், விண்டோ ப்ரோக்ராம் அப்படி இல்ல, எக்ஸெக் வந்ததும் அங்கயே நின்னு யாராவது கிளிக் பண்றாங்களா, கீ அழுத்தறாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கும், ஏதாவது நடந்தா நம்ம ஃபங்ஷனை கூப்பிட்டுட்டு திரும்ப காத்துக்கும். இதை முதல் நாளே மனசுல ஏத்திக்கிட்டா பின்னாடி வர்ற பாதி குழப்பம் வராது. எங்க ஏரியால ஒரு இன்ஸ்டிட்யூட்ல இதை சொல்லாமலேயே நேரா கால்குலேட்டர் போட வெச்சு சர்டிஃபிகேட் குடுக்கறாங்க, படிச்ச பையனுக்கு பட்டனை அழுத்தினா ஏன் ஃபங்ஷன் ஓடுதுன்னு கேட்டா தெரியல. அதுல அவன் தப்பு எதுவும் இல்ல.

அடுத்தது சிக்னல், ஸ்லாட். ஏதோ நடந்துச்சுன்னு சொல்றது சிக்னல், அதை கேட்டு ஓடற ஃபங்ஷன் ஸ்லாட். பட்டனுக்கு கிளிக்ட்னு ஒரு சிக்னல் இருக்கு, அதை நம்ம ஃபங்ஷனோட கனெக்ட் பண்ணிட்டா போதும். இங்க ஒரு இடம் மட்டும் கவனமா இருங்க, கனெக்ட்குள்ள ஃபங்ஷன் பேரை மட்டும் குடுக்கணும், பக்கத்துல அடைப்புக்குறி போட்டா பட்டனை தொடறதுக்கு முன்னாடியே அது ஓடிடும், பட்டனோட கனெக்ட் ஆகாது. இந்த சிக்னல் முறைதான் க்யூட்டில எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஏன்னா எடை வந்தா வந்துச்சுன்னு ஒரு பக்கம் சொல்லும், அதை திரையில காட்டறது ஒரு ஸ்லாட், டேபிள்ல சேக்கறது இன்னொரு ஸ்லாட், ஒண்ணுக்கு ஒண்ணு தெரியவே வேண்டாம், நாளைக்கு மாமா இன்னொண்ணு கேட்டா இன்னொரு கனெக்ட், அவ்வளவுதான்.

லேஅவுட் பத்தி ஒண்ணு அழுத்தி சொல்லணும். இடத்தை பிக்சல்ல எண்ணி எண்ணி வைக்காதீங்க. தமிழ்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா இங்கிலீஷ்ல ஒரு சின்ன சொல்லா இருக்கறது தமிழ்ல ரெண்டு மூணு சொல்லா நீளும், பட்டன் அகலத்தை பிடிச்சு வெச்சா பாதி எழுத்து உள்ள போயிடும், உயரத்தை பிடிச்சு வெச்சா "மு", "கூ" மாதிரி எழுத்துக்கு கீழ இருக்கற சுழி வெட்டுப்படும். ஃபார்ம் லேஅவுட்னு ஒண்ணு இருக்கு, இடது பக்கம் பேரு, வலது பக்கம் பாக்ஸ்னு வரிசையா சேத்துக்கிட்டே போனா அதுவே அளவு பாத்து அமைச்சுக்கும். கணக்குப்பிள்ளைக்கு கண்ணு கொஞ்சம் மங்கல், ஃபான்ட் சைஸை ஒரே இடத்துல பெருசாக்கினேன், மொத்த விண்டோவும் அதுக்கு தகுந்த மாதிரி விரிஞ்சுது, ஒரு பாக்ஸ் கூட இன்னொண்ணு மேல ஏறல.

இப்போ தராசு. எடை காட்டற டப்பாவுக்கு பின்னாடி பழைய ஒன்பது பின் சீரியல் சாக்கெட் இருக்கும், அதுக்கு யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் எஸ்பி ரோடுல எந்த கடைல கேட்டாலும் கிடைக்கும். லினக்ஸ்ல அந்த போர்ட்டை திறக்க யூசரை டயல்அவுட் குரூப்ல சேக்கணும், இல்லேன்னா பெர்மிஷன் எரர் வரும். பைத்தான்ல எல்லாரும் வழக்கமா எழுதற மாதிரி லூப் போட்டு போர்ட்டை படிச்சிட்டே இருந்தா விண்டோ அப்படியே உறைஞ்சுடும், பட்டன் அமுங்காது, மூடவும் முடியாது, ஏன்னா எக்ஸெக் காத்துக்கிட்டு இருக்க வேண்டிய இடத்துல நம்ம லூப் உக்காந்திருக்கு. ஸ்லீப் போட்டாலும் இதே கதிதான். க்யூசீரியல்போர்ட்ல ரெடிரீட்னு ஒரு சிக்னல் இருக்கு, டேட்டா வந்தா அது நம்மளை கூப்பிடும், லூப்பும் வேண்டாம், த்ரெட்டும் வேண்டாம். ஆனா அது கூப்பிடற ஒவ்வொரு தடவையும் முழு வரி வந்திருக்கும்னு நினைக்காதீங்க. தராசு 52.350-ன்னு அனுப்பினா முதல் தடவை 5 மட்டும் வரலாம், மீதி அடுத்த தடவை வரும். முழு வரி வந்துடுச்சான்னு கேக்கறதுக்கு கேன்ரீட்லைன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது ஆமான்னு சொன்னா மட்டும் வரியை எடுங்க. இதை விட்டா 52 கிலோ மூட்டை 5 கிலோன்னு சீட்டுல ஏறும், வியாபாரத்துல அது சின்ன விஷயம் இல்ல.

எடையை பெருசா காட்ட க்யூஎல்சிடிநம்பர்னு ஒரு விட்ஜெட் (பட்டன், லேபிள் மாதிரி விண்டோல வைக்கற ஒண்ணு) இருக்கு, அச்சு அசல் தராசு டிஸ்ப்ளே மாதிரியே எண்ணை காட்டும். மண்டில எல்லாருக்கும் இதை பாத்த உடனே புரிஞ்சுது, யாருக்கும் விளக்க வேண்டி வரல. ஆனா அதுக்கு டீஃபால்ட்டா அஞ்சு இடம்தான், புள்ளியும் ஒரு இடத்தை எடுத்துக்கும், அதனால 102.450 காட்ட ஏழு இடம் வேணும், டிஜிட் கவுண்ட்டை முன்னாடியே ஏத்தி வெச்சுடுங்க. எண்ணா குடுத்தா கடைசில இருக்கற சைபர் காணாம போயிடும், 102.45-ன்னு நிக்கும், தராசுல ஒண்ணு கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு ஆளுங்க கேப்பாங்க, அதனால மூணு தசம இடத்தோட எழுத்தா மாத்தி குடுக்கறதுதான் சரி.

கடைல வேலை பாக்கறவங்க மவுஸை தொடவே மாட்டாங்க. ஒரு பாக்ஸ்ல எழுதிட்டு என்டர் தட்டினா அடுத்த பாக்ஸுக்கு போகணும், அதுதான் அவங்க கைப்பழக்கம். க்யூலைன்எடிட்ல ரிட்டர்ன்ப்ரெஸ்ட்னு ஒரு சிக்னல் இருக்கு, அதை அடுத்த பாக்ஸோட செட்ஃபோகஸோட கனெக்ட் பண்ணிட்டா முடிஞ்சுது. கடைசி பாக்ஸ்ல என்டர் தட்டினா சீட்டு அடிக்கணும். இந்த ஒரு மாற்றத்துக்கு அப்புறம்தான் கணக்குப்பிள்ளை "தம்பி, இப்போ இது நோட்டை விட வேகமா போவுது"ன்னு சொன்னார். எனக்கு அந்த வார்த்தை ரொம்ப பெருசு.

தமிழ்ல டைப் பண்ற பாக்ஸுக்கு மேக்ஸ்லெங்த் போடறவங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். "முருகன்"னு நாம நாலு எழுத்தா எண்றோம், கம்ப்யூட்டர் அதை ஏழா எண்ணுது, உகரக் குறி ரெண்டு, புள்ளி ஒண்ணு தனித்தனி. மேக்ஸ்லெங்த் ஆறுன்னு வெச்சா கடைசி புள்ளி விழாது, "முருகன"ன்னு நின்னுடும், ஊர் பேர் ஆள் பேர் எல்லாம் இப்படி பிசிறடிச்சு டேட்டாபேஸ்ல ஏறிடும். தமிழுக்கு நீள வரம்பு வைக்காம இருக்கறது நல்லது, வெச்சே ஆகணும்னா நினைக்கறதை விட ரெண்டு மடங்குக்கு மேல வைங்க.

டேட்டாபேஸ் பக்கம் நான் எதிர்பாக்காத வசதி. எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸுக்கான டிரைவர் உள்ளயே வருது. க்யூஎஸ்க்யூஎல்டேபிள்மாடல்ல டேபிள் பேரை சொல்லி செலக்ட் பண்ணி, அதை ஒரு டேபிள்வியூவோட சேத்துவிட்டா அன்னைக்கு ஏறின மூட்டை எல்லாம் வரிசையா திரையில வந்துடும், மேல இருக்கற தலைப்பை தமிழ்ல மாத்திக்கலாம். ஆனா சும்மா விட்டா அந்த டேபிள்ல டபுள் கிளிக் பண்ணி யார் வேணா பழைய எடையை மாத்தலாம், அடுத்த வரிக்கு நகந்ததும் அது சேவும் ஆயிடும், அதுதான் டீஃபால்ட். கணக்கு சம்பந்தப்பட்ட எந்த டேபிளுக்கும் எடிட் ட்ரிகரை ஆஃப் பண்ணிடுங்க.

சீட்டு அடிக்கற விஷயத்துல க்யூட்டி என்னை ரொம்பவே காப்பாத்துச்சு. தெர்மல் பிரின்டருக்கு நேரா எழுத்தா அனுப்பினா சாதாரணமா தமிழ் வராது, பிரின்டருக்குள்ள தமிழ் ஃபான்ட் இருக்காது, கட்டம் கட்டமா இல்ல கேள்விக்குறியா கக்கும். பைசைட்ல க்யூடெக்ஸ்ட்டாக்குமென்ட்ல எச்டிஎம்எல் மாதிரி சீட்டை எழுதி பிரின்டர் டிரைவர் வழியா அனுப்பினா எழுத்தை க்யூட்டியே கோத்து வரைஞ்சு அனுப்புது, திரையில எப்படி இருக்கோ அதே மாதிரி பேப்பர்ல விழுது. மேல தமிழ், கீழ கன்னடம், நடுவுல எடையும் சாக்கு கழிவும். பேப்பர் அகலத்தை மட்டும் மில்லிமீட்டர்ல சரியா சொல்லணும், அதுக்கு கொஞ்சம் பேப்பர் வீணாகும், பரவால்ல.

சரி, குறைஞ்ச அந்த ஒரு மார்க். முதல்ல டாக்குமென்டேஷன். நிறைய இருக்கு, ஆழமா இருக்கு, ஆனா நிறைய பக்கம் சி ப்ளஸ் ப்ளஸ்ல இருந்து மெஷினால மாத்தினது, உதாரணத்துல பாதி பைத்தான் மாதிரியும் பாதி சி ப்ளஸ் ப்ளஸ் மாதிரியும் நிக்கும். புதுசா வர்றவங்க அதை அப்படியே காப்பி பண்ணா ஓடாது. இதோட நெட்ல கிடைக்கற பழைய பாடங்கள் எல்லாம் பைக்யூட்டி 4, 5 காலத்துது. க்யூஆக்ஷன் முன்னாடி விட்ஜெட்ஸ் மாட்யூல்ல இருந்துச்சு, 6-ல ஜியூஐ மாட்யூலுக்கு போயிடுச்சு, பழைய பாடத்தை பாத்து எழுதினா முதல் வரிலயே இம்போர்ட் எரர். எந்த பாடம் எடுத்தாலும் 6-க்கு எழுதினதான்னு முதல்ல பாருங்க.

ரெண்டாவது, க்யூட்டிக்குள்ளயே ரெண்டு வழி இருக்கு, விட்ஜெட்ஸ்னு ஒண்ணு, க்யூஎம்எல்னு ஒண்ணு. எதுல ஆரம்பிக்கணும்னு யாரும் தெளிவா சொல்றதில்ல. ஃபார்ம், டேபிள், பிரின்ட்னு கடை ஆபீஸ் வேலைன்னா விட்ஜெட்ஸ், யோசிக்கவே வேண்டாம். டச் ஸ்கிரீன், அனிமேஷன்னா க்யூஎம்எல், அதுக்கு இன்னொரு மொழியே கத்துக்கணும்.

டிசைனர்னு ஒரு கருவி கூடவே வருது, பட்டனை இழுத்து போட்டு விண்டோ வரையலாம். நல்லதுதான், ஆனா முதல் விண்டோவை கையாலயே எழுதுங்க, லேஅவுட் எப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காருதுன்னு கை பழகட்டும், அதுக்கப்புறம் டிசைனர் திறந்தா எல்லாம் புரியும்.

இன்னொரு இடம், ரெண்டாவது விண்டோ திறந்து உடனே மறைஞ்சு போறது. ஃபங்ஷனுக்குள்ள விண்டோவை உருவாக்கி ஷோ சொன்னா ஃபங்ஷன் முடிஞ்சதும் பைத்தான் அதை குப்பைன்னு நினைச்சு தூக்கிடும். கிளாஸோட செல்ஃப்ல (self) ஒரு பேர் வெச்சு பிடிச்சு வெச்சுக்கணும். எரர் எதுவும் வராததால இதை கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும்.

அடுத்த மெஷினுக்கு கொண்டு போக பைசைட் 6 டிப்ளாய்னு அவங்களோட கருவியே இருக்கு, பைஇன்ஸ்டாலரும் நல்லா வேலை செய்யுது. பைஇன்ஸ்டாலர்ல ஒரே ஃபைலா பண்ணா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மொத்தத்தையும் டெம்ப் ஃபோல்டர்ல விரிச்சுட்டுதான் ஆரம்பிக்கும், பழைய பிசில அது ரொம்ப நேரம், கடை திறக்கற அவசரத்துல யாரும் காத்திருக்க மாட்டாங்க. ஃபோல்டரா பண்ணி டெஸ்க்டாப்ல ஒரு ஐகான் வைங்க.

லைசென்ஸ். பைசைட் எல்ஜிபிஎல்ங்கற இலவச லைசென்ஸ்லயும் கிடைக்குது, அதோட கண்டிஷன்களை மதிச்சு நடந்தா உங்க கோடை வெளிய குடுக்காமலேயே சாஃப்ட்வேரை விக்கலாம். பைக்யூட்டி ஜிபிஎல், அதுல எழுதினதை வெளிய குடுத்தா கோடையும் குடுக்கணும், இல்லேன்னா காசு குடுத்து கமர்ஷியல் லைசென்ஸ். அடுத்த கடைக்கும் எழுதி குடுத்து ரெண்டு காசு பாக்கணும்னு நினைக்கறவங்க ஆரம்பத்துலயே பைசைட்ல எழுதறது நல்லது. மாமா மண்டிக்கு பக்கத்து பூண்டு மண்டிக்காரர் ஏற்கனவே கேட்டுட்டார்.

கடைசியா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த மெஷின்ல ஓடப்போகுதுன்னு பாத்துக்கங்க. க்யூட்டி 6-க்கு விண்டோஸ்னா 10 இருக்கணும், அதுவும் 64 பிட். நம்ம கடைகள்ல இன்னும் விண்டோஸ் 7 நிறைய ஓடுது, அதுல பைசைட் 6 ஏறாது, பழைய க்யூட்டி 5-க்கான பைசைட் 2-உம் பைத்தான் 3.8-உம் வெச்சு எழுதணும், மேல சொன்ன சிக்னல், லேஅவுட், டேபிள் எல்லாம் அதுலயும் அப்படியேதான், எக்ஸெக்குக்கு பின்னாடி ஒரு கீழ்க்கோடு போடணும், க்யூஆக்ஷன் பழைய இடத்துலயே இருக்கும். மெஷின் 64 பிட்தான், விண்டோஸ் மட்டும்தான் பழசுன்னா லுபுண்டு மாதிரி ஒண்ணு போட்டு 6-லயே எழுதுங்க, லுபுண்டுவோட எல்எக்ஸ்க்யூட்டி டெஸ்க்டாப்பும் க்யூட்டிலயே எழுதினதுதான், பழைய பிசிக்கு பாரமா இருக்காது.